வெண்ணெய் பாடவில்லை என்கிறார் உன் அப்பா

என் அருமை மகள் மிரேய்க்கு,

பொல்லேயிலிருந்து உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கால் கை திடமாக இருக்கிறோம், அங்கே கடல் கடந்து நூமேயாவில் நீயும் மருமகன் மார்சலினும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மேட்டுக் கோவில் மாதாவிடம் சொல்லிவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தபால்காரன் வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார், என்ன எழுதியிருக்கிறாள் என்று தலையைத் தூக்கிக் கேட்டார். பிள்ளைகளுக்குச் சளியாம், இப்போது தேவலையாம் என்று சொல்லிக் கடிதத்தை மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேறு என்ன சொல்வேன். உங்களை மடத்து முதியோர் இல்லத்தில் விட உங்கள் மகள் சம்மதம் கொடுக்கப் போகிறாள், படகையும் விற்றுவிடச் சொல்கிறாள் என்று அவர் முகத்துக்கு நேரே படித்துக் காட்டவா. அன்றிலிருந்து அந்தப் பை என் இடுப்பில் கல்லாகத் தொங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், எழுதுவதற்கு நிறைய இருக்கிறது, கடைசிவரை படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. இதை முதலில் சொல்லிவிட்டேன்.

உன் அத்தை ஃபெர்னாந்த் உனக்கு எழுதிய மூன்றும் நடந்தவைதான், அதில் பொய் இல்லை. வெண்ணெய் விற்கும் லூசியெனுடன் உன் அப்பா சந்தையில் சண்டை போட்டார், நானும் பக்கத்தில் நின்றேன். "உன் வெண்ணெய் ஊமையாப் போச்சு, என்ன கலக்குறே இதுல" என்று கேட்டார், அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு "ஊமை வெண்ணெய் வேணாம்னா பேசுற வெண்ணெயா தேடிக்கிட்டுப் போங்க பெரியவரே" என்றாள், சந்தையே சிரித்தது. இரண்டாவது, மூடுபனியில் இங்கிலாந்துக் கப்பலுக்குக் குறுக்கே படகை விட்டார், அதைத் துறைமுகத்து ஆட்கள் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து திட்டினார்கள், அவர் அவர்களை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது அந்த மீன் விருந்து, அதைப் பிறகு சொல்கிறேன். இதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அத்தை என் சமையலறையில் நின்றுகொண்டு, "அண்ணி, சொன்னா கோவிச்சுக்காதீங்க, எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். உன் தாத்தா அந்தீமை உனக்கு நினைவிருக்காது. கடைசிக் காலத்தில் துறைமுகப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, பெற்ற மகனையே பார்த்து ஐயா நீங்கள் எந்தப் படகு என்று கேட்டவர். அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டவள் ஃபெர்னாந்த்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மன்காரன் இருந்த காலத்தில் நீ காய்ச்சலில் கிடந்தபோது, கரண்டி வெண்ணெய் கொடு, குழந்தைக்குக் கஞ்சியில் போட வேண்டும் என்று நான் போய் நின்றேன், வீட்டில் பொட்டு இல்லை அண்ணி என்றாள், அப்போது அவள் வீட்டு உள்ளறையிலிருந்து வெண்ணெய் உருகுகிற வாசம் தெருவரை வந்தது. அதையும் நான் மறக்கவில்லை. அவள் எது சொன்னாலும் எனக்கு அந்த வாசம் முதலில் வருகிறது, அதனால்தான் அவள் சொன்னதை நான் காதில் வாங்க மறுக்கிறேன் என்று நீ நினைப்பாய். அப்படியில்லை மகளே. அவள் சொல்வதற்கு முன்பே நானும் பயந்துபோயிருந்தேன். அவர் தூங்கும்போது உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பேன், காலையில் எழுந்ததும் என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று காத்திருப்பேன், கூப்பிட்ட பிறகுதான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். குளிர்காலம் முழுக்க இப்படித்தான் போனது, உனக்கு எழுதவில்லை.

மீன் விருந்தைச் சொல்கிறேன். தவக்காலத்து முதல் வெள்ளி, அத்தையையும் கூப்பிட்டிருந்தோம். நாக்குமீனை உன் அப்பாதான் செய்வார், அந்தச் சட்டியை என்னைத் தொடவிட மாட்டார், இழுவைப் படகில் அத்தனை வருடம் சமைத்தவர் என்ற திமிர். எப்படிச் செய்வார் என்று நீ சின்ன வயதில் முக்காலி போட்டு ஏறி நின்று பார்த்திருக்கிறாய். விரலில் உப்பைத் தொட்டுக்கொண்டு வால் பக்கமிருந்து கறுப்புத் தோலை ஒரே இழுப்பில் உரிப்பார், வெள்ளைத் தோலைச் செதில் மட்டும் சுரண்டிவிட்டு அப்படியே விடுவார், துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, உப்புப் போட்டு, மாவில் புரட்டி உதறுவார். இதையெல்லாம் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செய்வார், படகுச் சமையலறையில் திரும்ப இடம் கிடையாது, விளக்கும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்தப் பழக்கம். பின்னால் சட்டியில் வெண்ணெய் உருகிப் பாடிக்கொண்டிருக்கும். அதில் இருக்கிற தண்ணீர் வற்றுகிறவரை அது பாடும், தண்ணீர் வற்றியதும் பாட்டு அடங்கும், அடங்கின அந்த நொடியில் திரும்பி மீனைப் போடுவார். கண்ணால் பார்க்கவே மாட்டார். மூக்கு அவருக்குப் புகையிலையால் எப்போதோ போய்விட்டது. தோல் பொன்னிறமாக மொறுமொறுவென்று வரும், இறக்கிவைத்த பிறகு எலுமிச்சையைப் பிழிந்தால் வெண்ணெய் ஒரு தடவை சீறும், அவ்வளவுதான் சமையல். அன்று வந்ததைப் பார்த்திருந்தால் நீயும் அழுதிருப்பாய். மாவு கூழாகிச் சட்டியோடு ஒட்டிக்கொண்டது, மீன் நாலாகக் கிழிந்தது, வழித்து வழித்துத் தட்டில் வைத்தார், வெள்ளையாக, சலவைக்குப் போட்ட துணி மாதிரி. உன் அத்தை முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, என்னண்ணே ஆச்சு உங்களுக்கு" என்றாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு "நாளைக்குக் காத்து மேற்க திரும்பும்" என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்று இரவே உனக்கு எழுதியிருக்கிறாள்.

இப்போது கேள். நேற்று வெள்ளிக்கிழமை. உன் கடிதம் பையில் இருக்க, நான் அடுப்பை விட்டு நகரக் கூடாது, எந்த இடத்தில் அவருக்குப் புத்தி தவறுகிறது என்று என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, உருளைக்கிழங்கு உரிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உப்பு மறக்கவில்லை. தோலை உரித்த கை நடுங்கவில்லை. ஈரம் ஒற்றினார், மாவை உதறினார், எல்லாம் வரிசைப்படி. சட்டியில் வெண்ணெய் போட்டார், முதுகைத் திருப்பினார். அது உருகி நுரைத்துப் பாட ஆரம்பித்தது, நன்றாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. உடனே திரும்பி மீனைக் கையில் எடுத்தார். "இருங்க, இன்னும் பாடுதே" என்றேன். போடப்போனார். பக்கத்தில் இருந்த சட்டி மூடியை எடுத்துக் கல்தரையில் போட்டேன் மகளே, வேண்டுமென்றேதான் போட்டேன், அது உருண்டு உருண்டு போட்ட சத்தத்தில் பூனை அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. உன் அப்பா திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை. எழுந்து போய் மணிக்கட்டைப் பிடித்து, என் பக்கம் திருப்பி, முகத்துக்கு முகம் நின்று, "வெண்ணெய் பாடுதுங்க" என்றேன். என் வாயையே பார்த்தார். பிறகு எரிச்சலாக, "எங்கடி பாடுது? இந்தக் காலத்து வெண்ணெய் பாடறதே இல்ல, போட்ட உடனே கம்முனு கெடக்குது, லூசியென்கிட்ட கேட்டா அவ என்னையே கிண்டல் பண்றா" என்றார்.

அவர் தலையைப் பிடித்துச் சட்டிக்கு மேலே குனியவைத்தேன், நுரையைக் காட்டினேன். அது கொதித்துக் குமிழி விட்டுத் துள்ளிக்கொண்டிருந்தது. அப்படித் துள்ளுகிற வெண்ணெய் சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியாதா. வெகுநேரம் பார்த்தார். நுரை இறங்கியது, நிறம் மாறியது, பிறகு கறுக்க ஆரம்பித்தது, நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப லூசியென் மேல தப்பு இல்லையா" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "பாவம் அவ" என்றார். இதுதான் மிரேய் உன் அப்பாவின் பைத்தியம். அவருக்குக் காது போய்விட்டது. ஆள் புத்தி கலங்கவில்லை, அந்தீம் தாத்தா மாதிரி இல்லை, காற்று மேற்கே திரும்பும் என்று அவர் சொன்னதும் சரியாகத்தான் திரும்பியது. கூட இருக்கிறவளுக்கு இத்தனை நாள் தெரியவில்லையா என்று நீ கேட்பாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதை அவர் கேட்டார், இப்போது கேட்கவில்லை என்று எனக்கு வித்தியாசம் தெரிவதற்கு.

சட்டியைக் கழுவி வேறு வெண்ணெய் போட்டோம், இந்தத் தடவை அவர் முதுகைக் காட்டவில்லை. அடுப்பைப் பார்த்து நின்று, நுரை ஏறுவதையும் இறங்குவதையும், மஞ்சள் வறுத்த கொட்டை நிறத்துக்கு வருவதையும் கண்ணாலேயே பார்த்து, போடலாமா என்று என்னைக் கேட்காமலே போட்டார். மீன் நன்றாக வந்தது. எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, சீறியதா என்று புருவத்தால் கேட்டார், சீறியது என்றேன். சாப்பிடும்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், முதல் வாய் வைத்தபோது வந்தது. இரண்டாவது வாயில் போய்விட்டது. துறைமுக முனையில் மூடுபனிச் சங்கு ஊத ஆரம்பித்தது, அவர் மீன் முள்ளைத் தூக்கிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. அன்றைக்குக் கப்பலுக்குக் குறுக்கே போனது மறதியில் இல்லை. கப்பல் ஊதியது அவருக்குக் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு மூடுபனியிலும், இந்த மனிதர் தனியாக அதற்குள்ளே போய்விட்டு வந்திருக்கிறார். மேட்டுக் கோவிலில் கடல் கொண்டுபோனவர்களின் பெயர் பொறித்த சுவரில் என் அண்ணன் எமிலியென் பெயர் இருக்கிறது, நீ விரலால் தடவிப் படித்திருக்கிறாய், அவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். புத்தி போயிருந்தாலாவது வீட்டில் உட்காரவைத்திருப்பேன் என்றுகூட நினைத்தேன், மாதா மன்னிக்கட்டும்.

தட்டை நகர்த்திவிட்டு, நீங்கள் இனித் தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது என்றேன், வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். விடிந்தால் வலை எடுக்கப் போயாக வேண்டும், போட்ட வலை கடலில் கிடக்கிறது என்றார். அப்படியானால் நானும் வருகிறேன் என்றேன். பொல்லேயில் எந்தப் பெண்பிள்ளை படகில் ஏறியிருக்கிறாள், எங்கள் அம்மா காலத்தில் படகின் விளிம்பை மிதித்தாலே கழுவிவிடுவார்கள். அவரும் அதைத்தான் சொன்னார், "பொம்பளைய ஏத்திக்கிட்டுப் போனா தெருவே கைகொட்டிச் சிரிக்கும்டி" என்றார். "சிரிக்கட்டும், உங்களுக்குத்தான் கேக்கப்போறதில்லையே" என்றேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், புரிந்ததும் மேஜையில் கையை அடித்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். அது எல்லாமே சிரிப்புத் தண்ணீர் இல்லை.

இன்று காலை போனோம். உன் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன், இன்னும் வைத்திருக்கிறேன். படகின் முன்பக்கம் உட்கார்ந்துகொள், சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கக் கையைத் தூக்கு, வேறெதுவும் செய்யாதே, வாந்தி வந்தால் காற்று போகிற பக்கம் எடு என்று சொன்னார். துறைமுகத்தில் நின்றவர்கள் சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அது அதைவிட மோசம். வலையில் பாதி ஏறியபோது பனி இறங்கியது, பால் ஊற்றிய மாதிரி, பின்னால் இருந்த அவர் எனக்கு நிழலாகத்தான் தெரிந்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கப்பல் ஊதியது. மகளே, பனிக்குள் சத்தத்துக்குப் பக்கம் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாப் பக்கமும் ஊதுகிறது. எந்தக் கையைத் தூக்குவேன். என் கை தப்பினால் இரண்டு பேர் பெயரும் அந்தச் சுவருக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டேன், இன்னொரு தடவை ஊதியது, வலது என்று பட்டது, வலது கையைத் தூக்கினேன், தூக்கிய கையை இறக்கவேயில்லை. அவர் வலையை அப்படியே கத்தியால் அறுத்துக் கடலில் விட்டுவிட்டு படகைத் திருப்பினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு வலப்பக்கம் ஒரு கறுப்புச் சுவர் எழுந்து போயிற்று, அதன் அலை எங்களைத் தூக்கிப் போட்டது, நான் அவரையும் அவர் வம்சத்தையும் உன் அத்தையையும் சேர்த்து வைத வசவெல்லாம் அந்த ஆளுக்குக் கேட்கவில்லை, அது வேறு. அலை அடங்கியதும் பின்னாலிருந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுக்கு முன்னாடி எத்தனை தடவ இப்படிப் பக்கத்துல போயிருக்கும் சிதோனி?" என்று கேட்டார். பனி விலகுகிறவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், மீன் வாடை அடிக்கிற ஈரக்கை, அது சில்லிட்டுப் போயிருந்தது.

கரைக்கு வந்ததும் படகை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினார். "காது வர்ற வரைக்கும் இது இங்கயே கெடக்கட்டும்" என்றார். நான் கேட்டு வாங்கவில்லை, அவராகவே சொன்னது. வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன், ஒளித்தது போதும் என்று தோன்றியது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மிரேய்க்கு என் மேல என்னடி கோவம்? போன்ல பேசறப்பல்லாம் முணுமுணுங்கறா, நான் எதோ தப்புப் பண்ணிட்டேன், அதான் பேசப் பிடிக்கலைன்னு நெனச்சு உன்கிட்ட குடுத்துடுவேன்" என்றார். நீ அங்கே, அப்பாவுக்கு நான் யார் என்றே மறந்துவிட்டது, சரி சரி என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுகிறார் என்று அழுதிருக்கிறாய். அவர் இங்கே வராண்டாவில் நின்று, மகள் என்னோடு பேசுவதில்லை என்று இருந்திருக்கிறார். கடல் முழுக்க நடுவில் கிடக்கிறபோது ஒருவர் ஒருவரை இப்படி நினைத்துக்கொண்டு இருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது.

நாளைக்குக் குருத்து ஞாயிறு. உன் அத்தை, மடத்துத் தலைமைச் சகோதரியைக் கூட்டிக்கொண்டு மதியம் சாப்பாட்டுக்கு வருகிறாள், அண்ணனின் நிலையை நேரில் காட்ட. வரட்டும் என்கிறார் உன் அப்பா, நான்தான் சமைப்பேன், ஃபெர்னாந்திடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்கிறார். செவிடு என்று அவர் வாயால் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அவளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் துறைமுக அலுவலகத்துக்குத் தெரியும், படகு ஓட்ட எழுதிக்கொடுத்த அனுமதிக் காகிதத்தைத் திரும்பக் கேட்பார்கள். ஆனால் வேறு வழியில்லை. அவள் நம்புவாளா என்பதும் தெரியாது, காது கேளாதவனெல்லாம் பைத்தியம் இல்லை என்று அவள் ஒப்புக்கொள்ள ஒரு ஜென்மம் ஆகும், தன் அப்பாவைப் பார்த்த பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் ரூவான் ஊருக்குப் போய்க் காது டாக்டரைப் பார்க்கச் சொல்லி நம் ஊர் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிவிட்டேன். காதில் கருவி வைத்துக்கொள்ள மாட்டேன், அது கிழவர்களுக்கு என்றார், பிறகு வைத்துக்கொள்கிறேன் என்றார், ராத்திரிக்குள் மறுபடி மாட்டேன் என்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் இதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் என்னைக் கேட்காதே. மடத்து அறையை உன் பதிலுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், இந்தக் கடிதம் கிடைத்த உடனே மறுத்துத் தந்தி கொடு, அத்தைக்கும் ஒன்று கொடு, மரியாதையாகவே கொடு, அவள் தாத்தாவைப் பார்த்துக்கொண்டவள். அந்தக் கரண்டி வெண்ணெய்க் கணக்கை அவளோடு நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வெயிலில் அலையாதே, மருமகனிடம் கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்காதே, சின்னவளுக்குத் தலையில் எண்ணெய் வை. மேட்டுக் கோவில் மாதா உங்கள் எல்லோரையும் அவள் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், என் ஆயுசையும் உங்களுக்கே கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இனி அப்பாவிடம் ஃபோனில் பேசாதே. அவர் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, எழுத்தைப் பெரிதாக எழுது, கோபம் இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுது. தபால்காரன் வருகிற நேரத்துக்கு அவர் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உன் அம்மா,
சிதோனி